பொங்கல் விருந்துக்குக் கூடத்தை அழகுபடுத்த: தரைப்பந்தியா மேசையா, பூவா பரங்கிக்காயா?

தைப் பொங்கலன்று பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றால் சமையல் பட்டியலைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பல காய்கள் போட்ட குழம்பு, வடை, பச்சடி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசை உண்டு. குழப்பமெல்லாம் கூடத்தை என்ன செய்வது என்பதில்தான். மார்கழி பாதி தாண்டுவதற்குள் கடைகளில் பிளாஸ்டிக் மாவிலையும் தெர்மாகோல் பொங்கல் பானையும் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. கைப்பேசியைத் திறந்தால் பித்தளை உருளியில் பூ மிதக்கிறது. இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில், கைக்கு அடக்கமான செலவில், ஒரே மாலையில் செய்து முடிக்கக்கூடியது எது?

எந்த அலங்காரத்தையும் மூன்று கேள்வி கேட்டுத்தான் நான் உள்ளே விடுவேன். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு நடக்கும் வழியில் அது குறுக்கே நிற்குமா? அதன் வாசம் நெய்யின் மணத்தோடு மோதுமா? மறுநாள் அதைப் பெருக்கி அள்ளப் போவது யார்? இந்த மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாத பொருள் படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கடையிலேயே இருக்கட்டும்.

எங்கே உட்கார வைப்பது

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான். பூவும் விளக்கும் பிறகு. தரையில் பந்தி போடலாம், சாப்பாட்டு மேசையில் இலை போடலாம், பாத்திரங்களை வரிசையாக வைத்து அவரவரே எடுத்துக்கொள்ளும்படி பஃபே வைக்கலாம்.

தரைப்பந்திக்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். சம்மணமிட்டு உட்காரும் ஒருவருக்கு அகலத்தில் இரண்டு அடி வேண்டும். ஆளும் இலையுமாகச் சேர்த்து முன்பின்னாக மூன்றரை அடி. எதிரெதிராக இரண்டு வரிசை போட்டு, நடுவில் பரிமாற மூன்று அடி விட்டால் பத்து அடி அகலம் ஆகிறது. வரிசைக்கு ஆறு பேர் என்றால் பன்னிரண்டு அடி நீளம். நம்முடைய நடுத்தர அடுக்குமாடிக் கூடம் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கிறது. சோபாவைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டால் பன்னிரண்டு பேர் ஒரே பந்தியில் உட்காரலாம். இதில் கிடைக்கும் பெரிய லாபம், கூடமே காலியாகிவிடுவது. சோபாவும் தேநீர் மேசையும் வெளியேறிய அறையில் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்தாலே பாதி அலங்காரம் முடிந்துவிட்டது. அதன் சிவப்பும் நீலமும் பச்சையுமான பட்டைகள் இலைப்பச்சைக்குப் பக்கத்தில் எடுப்பாக இருக்கும். பத்தமடைப் பாய் இருந்தால் இன்னும் அழகு. ஆனால் நல்ல பத்தமடைப் பாயில் ரசத்தைச் சிந்த எந்த வீட்டு அம்மாளும் சம்மதிக்க மாட்டார். பந்திப்பாய் என்று நீளமாக, ஒடுக்கமாக நெய்து விற்பது இதற்கென்றே உள்ளது. சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம்.

தரையின் குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழங்கால். அறுபது தாண்டிய உறவினர்களில் பாதிப் பேர், "எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடு" என்பார்கள். இன்னும் சிலர் கேட்கக் கூச்சப்பட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டு, எழும்போது சுவரைத் தேடுவார்கள். அவர்களைத் தனியாக ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மடியில் தட்டைக் கொடுப்பதைப் போலக் கசப்பான காட்சி விருந்தில் வேறில்லை. தரைப்பந்தி என்று முடிவெடுத்தால் மேசையையும் அதே கூடத்தில் ஒரு தலைமாட்டில் போட்டு, அதே இலை, அதே நேரம் என்று பெரியவர்களுக்கும் பரிமாற வேண்டும். பந்தியின் தலைப்பே அவர்களுடையது என்று ஆகிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

மேசைக்கு வருவோம். ஆறு பேருக்கென விற்கும் மேசை பெரும்பாலும் ஐந்தடிக்கு மூன்றடி. மூன்றடி என்பது முப்பத்தாறு அங்குலம். எதிரெதிராக இரண்டு இலை போட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு அங்குலம் போக நடுவில் மிஞ்சுவது ஓர் அடி அகலப் பட்டை. அதில் தண்ணீர்ச் சொம்பும் தம்ளர்களும் வந்து உட்கார்ந்துவிடும். நடு மேசையில் பூங்கொத்து, மெழுகுவத்தி என்று வெளிநாட்டுப் படங்களில் பார்ப்பது நம் இலைச் சாப்பாட்டுக்கு ஒத்துவராமல் போவதற்குக் காரணம் ரசனைக் குறைவல்ல, இந்த ஓர் அடிதான். அவர்கள் தட்டு சிறியது; பரிமாறும் முறையும் வேறு. நமக்குப் பரிமாறுகிறவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கரண்டியைச் சாய்க்க வேண்டும். அந்தக் கைக்குக் கீழே எரியும் திரி இருக்கக் கூடாது.

மேசையில் இன்னொரு வம்பும் உண்டு. இலையின் ஓரம் மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கினால் அங்கேதான் அது மடியும், ரசம் அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். தரையில் வழிந்தால் தரைக்குப் போகும். மேசையில் வழிந்தால் பட்டுப்புடவைக்குப் போகும். கண்ணாடி மேசை என்றால் இலை வழுக்கும். கீழே ஒரு பருத்தித் துணி விரித்தால் இரண்டும் அடங்கும். இதற்கென மேசை விரிப்பு வாங்குவதைவிடப் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்றை எடுத்து மேசையின் அகலத்துக்கு மடித்து விரிப்பது நல்லது. அரக்கும் மஞ்சளும் கறுப்புமான அந்தக் கட்டங்களில் குழம்புக் கறை தெரியாது. வெள்ளை விரிப்பு போட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். துவைத்து நல்ல வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் கறை வெளிறிவிடும். எண்ணெய்க் கறைக்குத்தான் அந்த யோகம் கிடையாது.

பஃபேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார், ரசம், மோர் என்று அடுக்கடுக்காக வரும் சாப்பாட்டை, கையால் பிசைந்து, நின்றுகொண்டு சாப்பிட முடியாது. மாலைச் சிற்றுண்டிக்கு அது சரி. ஆனால் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியைத் திருடிக்கொள்ளலாம்: சுவரோரமாக ஒரு நீளப் பலகையைப் போட்டுப் பாத்திரங்களை எல்லாம் அங்கே அடுக்கிவிட்டால், பரிமாறுகிறவர் அடுக்களைக்கும் கூடத்துக்கும் அலைய வேண்டாம். மேசை நடுவில் வைக்க முடியாத அலங்காரத்துக்கும் இந்தப் பலகைதான் இடம்.

இலையா, தட்டா

வாழையிலைக்குப் போட்டியே இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் பொங்கலன்று அதன் விலையும் தரமும் நம் கையில் இல்லை. நுனி இலை ஒரு வாழையிலைக்கு ஒன்றுதான், மீதியெல்லாம் ஏடு. பன்னிரண்டு நுனி இலை கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். போகிக்கு முதல் நாளே சொல்லி வைத்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்கு நுனி இலை, மற்றவர்களுக்கு ஏடு என்றாலும் பந்தி பார்க்க நன்றாகவே இருக்கும். ஏடுகளை ஒரே அளவில் நறுக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அளவு மாறினால் வரிசையே கோணலாகத் தெரியும்.

முதல் நாள் வாங்கிய இலையை நடுநரம்பில் மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் மதியம் வரை வாடாது. காலையில் விறைப்பாக இருந்தால் அடுப்பு அனலில் ஒரு முறை காட்டி எடுங்கள். மெழுகு போன்ற மேல்பூச்சு உருகிப் பளபளப்பு ஏறும், பச்சை ஒரு படி கூடும், கிழியும் குணமும் குறையும். போடும்போது நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். அகலமான பகுதி வலக்கைக்கு வந்தால்தான் சோற்றைப் பிசைய இடம் இருக்கும். சடங்கு என்று நினைத்துச் செய்கிறோம். அதற்குள் இப்படியொரு வசதியும் இருக்கிறது.

இலைக்கு மாற்றாகக் கடையில் கிடைப்பவற்றில் பாக்கு மட்டைத் தட்டை மதிக்கலாம். உதிர்ந்த பாக்கு மட்டையைக் கழுவிச் சூட்டில் அச்சழுத்திச் செய்வது, பசை சேர்ப்பதில்லை. ஒவ்வொரு தட்டிலும் ரேகை வேறாக ஓடும். விளிம்பு உண்டு என்பதால் மேசைக்கு இலையைவிடப் பொருத்தம் என்றே சொல்வேன். ஆனால் பொங்கல் சாப்பாட்டின் வகைகள் அத்தனையும் அதில் அடங்காது, வடை அப்பளத்தின் மேல் ஏறும். மந்தாரை, புரச இலைகளை ஈர்க்கால் தைத்த தையல் இலை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் இருக்கும். வட்டமாக, பழுப்பாக, அழகாகவும் இருக்கும். ரசம் கசியும் என்பதால் இரண்டாக அடுக்கிப் போட வேண்டும். ஊரில் தைத்துத் தருகிறவர் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள், இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை.

வாழையிலை போல அச்சிட்ட வழவழப்பான காகித இலையை மட்டும் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையிலுள்ள ஒருமுறை பயன்பாட்டுப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் உண்டு, தெர்மாகோல் தட்டு உண்டு, சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் உண்டு. சட்டம் இருக்கட்டும். சூடான சோறு விழுந்ததும் அந்தப் பூச்சிலிருந்து எழும் வாடை ஒன்றே போதும், நெய் ஊற்றியதன் பயன் போய்விடும்.

எவர்சில்வர் தட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வாழையிலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள், தட்டுக்குள் அடங்கும்படி ஒரு சிறிய வட்ட இலைத்துண்டை வெட்டிப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளில் உறைநிலையில் விற்கும் இலை இதற்குத் தாராளம். பித்தளைத் தம்ளர்களை வரிசையாக வைத்தால் பொன்போல மின்னும். ஆனால் புளி போட்டுத் தேய்க்க ஒரு முழு மாலை போகும் என்பதையும், ஈயம் பூசாத பித்தளையில் மோரோ ரசமோ ஊற்றக் கூடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு எடுங்கள். தண்ணீருக்கு மட்டும் பித்தளைச் சொம்பு, மற்றதெல்லாம் எவர்சில்வர் என்பது நடைமுறைக்கு ஏற்ற வழி.

பூவா, காயா

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. பனியும் குளிரும் மல்லிகையின் விளைச்சலைக் குறைக்கும் பருவம் மார்கழியும் தையும். தேவையோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மதுரை மாட்டுத்தாவணியிலும் தோவாளையிலும் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறியது என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அந்த விலைக்கு வாங்கிய மல்லிகையைச் சுவரில் சரமாகத் தொங்கவிடுவது எனக்குப் பிடிபடாத கணக்கு. தலையில் வைக்கவும் சாமிக்குச் சாத்தவும் போதுமான முழம் வாங்கினால் போதும். வாசனையும் ஒரு காரணம். மல்லிகை, மரிக்கொழுந்து, செண்டுமல்லி மூன்றுக்கும் எட்டிப் பிடிக்கும் வாசம். பச்சைக் கர்ப்பூரமும் ஏலமும் நெய்யும் சேர்ந்த சர்க்கரைப் பொங்கலின் மணம் அவற்றின் பக்கத்தில் தோற்றுப்போகும்.

சாப்பிடும் இடத்துக்குச் சாமந்தி நல்லது. வாசம் மென்மையானது, விலை மல்லிகையின் பக்கத்தில்கூட வராது, தண்ணீரில் மூன்று நான்கு நாள் தாங்கும். உருளி வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டிலிருக்கும் அகலமான பித்தளைத் தாம்பாளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி, காம்பை ஒட்ட நறுக்கிய மஞ்சள் சாமந்திகளை ஓரத்திலிருந்து உள்நோக்கி நெருக்கமாக அடுக்கி, நடுவில் கோழிக்கொண்டை ஒன்றை வையுங்கள். நெருக்கமாக இருந்தால்தான் பூக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நாலு பூவை மிதக்கவிட்டால் மின்விசிறிக் காற்றில் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். இதைப் பலகையின் ஓரத்தில் வைக்கலாம், வாசலை ஒட்டி வைக்கலாம். பந்திக்கு நடுவில் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. அரளி மலிவாகக் கிடைக்கிறது, நிறமும் கவர்ச்சி. ஆனால் அரளிச் செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சு. சாமி படத்துக்கு மாலையாகப் போடுவது வேறு. சாப்பாட்டுப் பலகையில், குழந்தைகள் கைபடும் தண்ணீரில் அதை மிதக்கவிடுவது வேறு. உணவுக்குப் பக்கத்தில் அரளி வேண்டவே வேண்டாம்.

பூவுக்குச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்குப் பொங்கல் ஒரு வரம். மற்றப் பண்டிகைகளுக்கு அலங்காரத்தைத் தனியாக வாங்க வேண்டும். இதற்கு அடுக்களைக்கு வாங்கியதே அலங்காரம். இலையோடு கூடிய மஞ்சள் கொத்து, கருநீலத் தோல் மின்னும் பன்னீர்க் கரும்பு, கீற்று போடாத முழுப் பரங்கிக்காய், தென்மாவட்டங்களில் கட்டுக்கட்டாக வரும் பனங்கிழங்கு, மொச்சை, அவரை, சிறுகிழங்கு. மண்ணைக் கழுவித் துடைத்து ஒரு மூங்கில் முறத்திலோ தட்டுக்கூடையிலோ குவித்தால் எந்தப் பூங்கொத்தும் அதற்கு நிகரில்லை. நிறம், வடிவம், பருவம் மூன்றும் அதில் இருக்கின்றன. வாசமும் மோதாது, இஞ்சி மஞ்சள் வாசம் சமையலோடு சொந்தம்.

சிக்கல் ஒன்று உண்டு. காலை ஒன்பது மணிக்குள் பாதி அலங்காரம் குழம்புக்குள் போயிருக்கும். ஆகவே சமையலுக்குப் போகிற காயைப் பின்வரிசையிலும், போகாததை முன்வரிசையிலும் வையுங்கள். பரங்கிக்காய் இரண்டு வாங்கி ஒன்றை முறத்தில் நிரந்தரமாக உட்கார வைத்துவிடலாம். அது எப்படியும் வாரக்கணக்கில் கெடாது. கூடவே ஒரு சீப்பு பச்சை வாழைக்காய், இரண்டு தேங்காய், கட்டோடு வெற்றிலை. மஞ்சள் கொத்தின் ஒரு கிளையைப் பானைக்குக் கட்டியது போக மற்றதை ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் விட்டு நிறுத்தினால், அகன்ற இலைகள் பூச்சாடி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

கரும்பை இரண்டாக நிறுத்தி உச்சியில் கட்டுவது எல்லோருக்கும் தெரிந்த அழகு. அடுக்குமாடிக் கூடத்தின் உயரத்துக்குத் தோகையோடு நின்றால் மின்விசிறி இறக்கையில் படும், சரிபார்த்து நறுக்குங்கள். தோகையின் ஓரம் தோலைக் கீறக்கூடியது. குழந்தைகள் ஓடும் வழியில் வேண்டாம். வெட்டிய அடிப்பகுதி எறும்புக்கு அழைப்பிதழ் என்பதால் கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து நிறுத்துவது நல்லது.

வெளிச்சம்

பொங்கல் விருந்து மதிய விருந்து. சரவிளக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். பகல் ஒரு மணிக்கு எரியும் சரவிளக்கை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்துவிட்டு, பண்டிகையன்று திரும்ப மாட்டாமலே விட்டுவிடுங்கள். தை மாதத்து வெயில் சாய்வாக உள்ளே வரும், அதற்கு ஈடாக எந்தக் கடையிலும் ஒன்றும் விற்பதில்லை.

வெளிச்சம் வராத கூடமும் உண்டு, பக்கத்துக் கட்டடம் மறைத்துக்கொண்டு. அங்கே பகலிலும் குழல்விளக்கு எரிய வேண்டியிருக்கும். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் வெள்ளைக் குழல்விளக்குகள் பெரும்பாலும் 6,500 கெல்வின் வகை. அந்த நீலம் கலந்த வெள்ளையில் சாம்பார் சாம்பலாகத் தெரியும், இலை வெளிறும். 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று அட்டையில் அச்சிட்ட மஞ்சள் ஒளி எல்இடி பல்புகள் இரண்டை வாங்கி மாட்டிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லாவற்றிலும் குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவது இதுதான். பண்டிகை முடிந்த பிறகும் அவை அங்கேயே இருக்கலாம்.

எண்ணெய் விளக்கின் இடம் படையலுக்குப் பக்கம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வீட்டில் இருந்தால் அதன் ஐந்து முகத்தையும் ஏற்றி, நல்லெண்ணெய் விட்டு, கூடத்தின் மூலையில் மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். பந்தி வரிசையில் ஆளுக்கொரு அகல் என்று படங்களில் வருகிறதே, அது வேண்டாம். பாவாடை கட்டிய குழந்தைகள், குனிந்து பரிமாறும்போது சரியும் முந்தானை, காற்றில் எழும்பும் இலை எல்லாம் தரை மட்டத்தில்தான் இருக்கின்றன. அகல்கள் வாசலுக்குப் போகட்டும், அதுவும் மாலையில்.

தரையும் வாசலும்

வாசலில் கோலப்பொடி, கூடத்துக்குள் ஈர மாக்கோலம். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பொடிக்கோலம் காலில் ஒட்டி வீடு முழுவதும் நடக்கும், மின்விசிறி போட்டால் இலைமேல் வந்து உட்காரும். கடையில் விற்கும் வண்ணப்பொடி சோற்றுக்குப் பக்கத்தில் வரவே கூடாத பொருள். மாக்கோலத்துக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும். ஒரு சிறு துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் இடுக்கிக்கொண்டு பிழிந்தால், மோதிர விரல் வழியே இழை இறங்கும். போடும்போது தண்ணீராகத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை எழும்பும், அதனால் அவசரப்பட்டு மேலே மேலே இழைக்காதீர்கள். வழவழப்பான ஓடு பதித்த தரையிலும் நிற்கும். மறுநாள் ஈரத்துணியால் ஒரே துடைப்பில் போய்விடும். சுற்றிக் காவி இட்டால் அழகு. ஆனால் சிமென்ட் இடுக்கில் காவி ஏறினால் சுலபத்தில் இறங்காது, வாடகை வீட்டில் யோசித்துச் செய்யுங்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் பெரிய கோலம் போட்டால் பரிமாறுகிறவர் அதைத்தான் மிதிக்க வேண்டும். கூடத்துக்குள் நுழையும் இடத்திலும் வரிசையின் இரு முனைகளிலும் சின்னதாகப் போட்டால் போதும்.

ஒட்டுக் கோலம் நேரத்தை மிச்சப்படுத்தும். கழற்றும்போது அந்த நேரத்தையெல்லாம் வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

தோரணத்தில் மாவிலையை மிஞ்ச எதுவும் இல்லை. அழுகாமல், உதிராமல், பச்சையிலிருந்து பழுப்புக்கு மெல்ல மாறிக் காயும். ஒரு நாரில் காம்பை மடித்துக் கோத்தால் பத்து நிமிட வேலை. மாமரம் பூக்கும் பருவம் இது என்பதால், பூங்கொத்தோடு கிளையை ஒடித்தால் மரத்துக்காரர் முகம் சுளிப்பார், நியாயம்தான். குருத்தோலையில் கிளியும் விசிறியும் பின்னிய தோரணம் கண்ணைப் பறிக்கும், பின்னத் தெரிந்த கை வேண்டும், இரண்டு நாளில் சுருளும். பிளாஸ்டிக் தோரணம் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் உழைக்கும் என்பார்கள். உழைக்கும். ஆனால் இரண்டாம் ஆண்டே தூசு படிந்து, ஒட்டடையைக் கழற்ற மறந்ததுபோலத் தோற்றம் தரும்.

கொங்குப் பகுதியில் போகியன்று கட்டும் காப்புக்கட்டு இந்தப் போட்டியில் தனி ரகம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் ஒரு பிடியாகச் சேர்த்துக் கட்டி வாசல் கூரையில் செருகுவார்கள். மஞ்சள், பச்சை, பஞ்சுபோன்ற வெள்ளை என்று அந்தப் பிடிக்குள் நிறங்கள் எவ்வளவு பாந்தமாகச் சேர்கின்றன என்று கிட்டப்போய்ப் பாருங்கள். பூளைப்பூ காய்ந்தாலும் தோற்றம் மாறாது. ஊர்ப்புறத்தில் வேலியோரத்தில் காசில்லாமல் கிடைக்கும், நகரத்தில் போகிக்கு முன்பே தெருவில் கொத்தாக விற்பார்கள். அந்த வழக்கம் இல்லாத வீட்டார் இதே மூன்றையும் ஒரு சொம்பில் வைத்துப் பலகையில் நிறுத்திக்கொள்ளலாம்.

சுவரைப் பற்றி என் கருத்து சுருக்கமானது: ஒட்டடை அடித்திருந்தால் போதும். பலூன், வாழ்த்து எழுதிய சரம், தெர்மாகோல் பானை எல்லாம் பள்ளிக்கூட மேடைக்குப் பொருந்தும். பிள்ளைகள் ஏதாவது செய்தே தீருவேன் என்றால், சிறு மண் கலயங்களையும் கொஞ்சம் காவியும் சுண்ணாம்பும் கொடுத்து வாசலில் உட்கார வையுங்கள். காய்ந்த பிறகு அவற்றில் உப்பு, ஊறுகாய், சர்க்கரை என்று வைக்காமல், மஞ்சள் கிழங்கோ நெல்லோ நிரப்பி வைக்கலாம்.

எந்த வீட்டுக்கு எது

முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு மூன்று பேர், இளையவர்கள் எட்டுப் பேர் என்றால் தரையும் மேசையும் சேர்ந்த பந்தி. பந்திப்பாய் அல்லது ஜமுக்காளம், எல்லோருக்கும் வாழையிலை, சுவரோரப் பலகையில் காய் நிறைந்த முறம், வாசலில் மாவிலை. பூவுக்குத் தனிச் செலவு இல்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், எண்ணிக்கையும் ஆறுக்குள் என்றால் மேசையே போதும். கண்டாங்கிச் சேலை விரிப்பு, வாழையிலை கிடைத்தால் ஏடு, இல்லாவிட்டால் பாக்கு மட்டைத் தட்டு. நடுவிலுள்ள ஓர் அடிப் பட்டையில் தண்ணீர்ச் சொம்பைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். சாமந்தித் தாம்பாளம் ஜன்னலோரம்.

கூடம் மிகச் சிறியது, ஆட்களோ இருபது என்றால் ஒரே பந்தியில் எல்லோரையும் அடக்கப் பார்க்காதீர்கள். இரண்டு பந்தியாகப் போடுங்கள். காத்திருப்பவர்களுக்கு மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ நிழலாகப் பாய் விரித்து, கரும்புத் துண்டு நறுக்கி வைத்துவிட்டால் அவர்கள் இரண்டாம் பந்தியைப் பற்றிக் கேட்கவே மாட்டார்கள். இந்த வீட்டுக்கு அலங்காரமே தேவையில்லை. முதல் பந்தி எழுந்ததும் தரையைத் துடைத்துப் புது இலை போட இரண்டு கைகள் கூடுதலாக இருந்தால் போதும்.

வேலையையும் அதற்கேற்றபடி பிரித்துக்கொள்ளலாம். பல்பு மாற்றுவது, பித்தளை தேய்ப்பது, திரைகளைக் கழற்றுவது போகிக்கு முந்தைய நாள். தோரணம், முறம் அடுக்குவது, இலை வாங்கிச் சுருட்டி வைப்பது போகியன்று மாலை. மாக்கோலம் அன்றிரவு எல்லோரும் படுத்த பிறகு. காயும்வரை யாரும் மிதிக்க மாட்டார்கள். பொங்கலன்று காலை பூத்தாம்பாளம் மட்டும்தான் மீதி. சாப்பிட்டு முடித்ததும் வாழையிலைகளை மக்கும் குப்பையில் சேர்த்துவிடலாம். கரும்புச் சக்கைக்கு மட்டும் கூடத்தின் ஓரத்தில் தனியாக ஒரு கூடை வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மாட்டுப் பொங்கலன்றும் சோபாவுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.